கேள்வி - பதில்: "பார்த்துட்டிருக்கோம் சார்"

ஆபீஸ் நிர்வாகம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் முதலாளியைப் பற்றிய புலம்பல். அவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், முதலாளிகள் படிக்காத பத்திரிகை ஏதாவது ஆரம்பித்தால் போடலாம். புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி: இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 31 வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள், இப்போது 5 வருடமாகக் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன் என்பதுதான் தகுதி.

எங்கள் பனியன் ஏற்றுமதி ஆபீஸில் 14 பேர். எதைக் கேட்டாலும் "பார்த்துட்டிருக்கோம் சார்" என்கிறார்கள். எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஷிப்மெண்ட் தேதி வந்துவிடுகிறது. இதற்கு நல்ல சாப்ட்வேர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் மேடம். - மேலாளர், திருப்பூர்

சாப்ட்வேர் அப்புறம். முதலில் அந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பார்த்துட்டிருக்"கோம்". அந்த "கோம்"-இல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எந்தத் தேதியிலிருந்து பார்க்கிறார்கள்? 14 பேரும் அந்த ஒரு விகுதிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம், வசதியாக இடம் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மேசைக்கு முதலில் வந்தது ஒரு நீள நோட்டு. தன்பதிவேடு என்று பெயர். சென்னை மாகாணக் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வந்த அலுவலக முறை அது, தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஆந்திராவிலும் அரசு அலுவலகங்களின் எலும்புக்கூடு இன்றுவரை அதுதான். தபால் வந்தால் ஒரு எண் விழும், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆளுக்கு என்று பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். அந்த ஆள் தன் தன்பதிவேட்டில் எண், தேதி, யாரிடமிருந்து வந்தது, பொருள் என்ன என்று எழுதி, கீழே நாலைந்து வரி இடம் விட்டுவிட வேண்டும். அந்தக் காலி வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. கோப்பு மேலே போனால் போன தேதி, திரும்பி வந்தால் வந்த தேதி, வேறு அலுவலகத்துக்கு எழுதியிருந்தால் அதன் தேதி, நினைவூட்டு அனுப்பியிருந்தால் அதுவும். முடிந்தால் முடிவு எண் போட்டு மூடுவார்கள். முடியாதவரை அந்தப் பதிவு வாயைத் திறந்துகொண்டே இருக்கும்.

என் முதல் கண்காணிப்பாளர் திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருவருடைய நோட்டையும் வாங்கிப் புரட்டுவார். திறந்திருக்கும் பதிவு வந்தால் விரல் அங்கே நிற்கும். திட்ட மாட்டார், ஏன் தாமதம் என்றுகூடக் கேட்க மாட்டார். "இது இப்ப யார்கிட்ட இருக்கு?" அவ்வளவுதான். பதில் சொல்லிவிட்டால் விரல் அடுத்த வரிக்குப் போய்விடும். சொல்லத் தெரியாவிட்டால் விரல் அங்கேயே இருக்கும், நாமும் அங்கேயே நிற்க வேண்டும். எனக்கு ஒருமுறை கால்மணி நேரம் நின்றிருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது அந்த விரல்தான். கூகுள் ஷீட்டோ எக்செல்லோ போதும், நாலு கட்டம்: என்ன வேலை, யார் கையில், எந்தத் தேதியிலிருந்து, அடுத்து யாருடைய பதிலுக்காக நிற்கிறது. மூன்றாவது கட்டத்தை யாரும் போட மாட்டார்கள், அது இல்லாமல் மற்ற மூன்றும் வீண். உதாரணத்துக்கு, துணியை எப்படித் துவைப்பது என்று பனியனில் தைக்கும் வாஷ்கேர் லேபிள், அதன் ஆர்ட்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர், வாங்கும் கம்பெனியின் ஆளான பையருக்கு மெயில் போட்டுவிட்டார், அவர் கணக்கில் அது முடிந்துவிட்டது. பையர் பார்க்கவே இல்லை. லேபிள் பிரிண்டர் நம்மிடமிருந்து வரும் என்று காத்திருக்கிறார். ஒன்பது நாள் கழித்துப் பேக்கிங்கில் துணி அடுக்கி வைத்துக்கொண்டு லேபிள் எங்கே என்று கேட்கும்போதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நம் ஆட்களுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. பதில் வரும்வரை அது அனுப்பியவர் கையில்தான் இருக்கிறது என்பதை நீங்கள்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்க வேண்டும்.

ஒரு மாதம் ஷீட்டில் ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் சாப்ட்வேர் வாங்குங்கள். ஷீட்டில் எழுதாதவர் சாப்ட்வேரிலும் எழுத மாட்டார், அதற்கு வருடச் சந்தா வேறு கட்ட வேண்டியிருக்கும்.

பெரிய முதலாளி ஒன்று சொல்கிறார், அவர் மகன் வேறொன்று சொல்கிறார். இருவருமே "நான் சொன்னதை முதலில் செய்" என்கிறார்கள். நடுவில் நான். வேலையை விட்டுவிடலாமா அக்கா? - ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், மதுரை

விடாதீர்கள் தம்பி, அடுத்த கம்பெனியில் முதலாளிக்கு இரண்டு மகன்கள் இருக்கலாம்.

உங்கள் கஷ்டம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஆன்ரி ஃபயோல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், சுரங்க என்ஜினியராகச் சேர்ந்து, திவாலாகும் நிலையில் இருந்த அந்தக் கம்பெனியையே 1888 முதல் 1918 வரை தலைமை ஏற்று நடத்தி நிமிர்த்தியவர். நிர்வாகத்துக்கு 14 கொள்கைகள் என்று 1916-ல் அவர் எழுதி வைத்ததைத்தான் இன்றும் பி.காம். மாணவர்கள் உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்று, ஒரு வேலைக்கு ஓர் ஊழியருக்கு ஒரே ஒருவரிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும் என்பது. பரீட்சையில் இரண்டு மார்க். மதுரையில் அப்பாவும் பிள்ளையும் ஒரே கண்ணாடி அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதை எப்படிச் செய்வது என்று அவர் எழுதவில்லை.

நான் சொல்கிறேன். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் அவர்களுக்குள் சண்டையே இருக்காது. அவர் சொன்னது இவருக்குத் தெரியாது, இவர் சொன்னது அவருக்குத் தெரியாது, இரண்டையும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள், நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள். பயம். யாரிடம் சொன்னாலும் மற்றவரைப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று. அதனால் இருவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் (இல்லையென்றால் சின்னவரிடம் சொல்லி ஒன்று ஆரம்பியுங்கள், அவர்களுக்கு இதெல்லாம் பிடிக்கும்) தினமும் காலையில் ஒரு செய்தி போடுங்கள்: "இன்று ஸ்டோர்ஸில் முதல் வேலை விருதுநகர் லோடு. அது முடிந்ததும் மதியத்துக்கு மேல் ஸ்டாக் எடுப்பது." கேள்வியாகக் கேட்காதீர்கள், கேள்வி கேட்டால் இரண்டு பதில் வரும். தகவலாகப் போடுங்கள். மாற்ற வேண்டும் என்று நினைப்பவர் மாற்றுவார், மாற்றியதை மற்றவரும் பார்ப்பார். அப்புறம் அது அவர்கள் வீட்டு விஷயம்.

ஃபயோல் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். இரண்டு பிரிவில் ஒரே மட்டத்தில் இருக்கும் இருவர் ஏதாவது பேச வேண்டும் என்றால் ஒருவர் மேலே மேலே ஏறி உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்க வேண்டியதில்லை, இரண்டு மேலாளர்களும் சம்மதித்துவிட்டால் நடுவில் ஒரு பலகையைப் போட்டுத் தாண்டிவிடலாம், என்ன முடிவானது என்று பிறகு சொல்லிவிட்டால் போதும் என்று. உங்கள் ஸ்டோர்ஸுக்கும் பர்ச்சேஸுக்கும் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெட்டி போல்ட் வாங்க முதலாளி கையெழுத்துக்கு நிற்கிறீர்கள் என்றால் இல்லை என்று அர்த்தம்.

தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் மீட்டிங். 9 பேர். முடிந்து வெளியே வந்தால் என்ன முடிவானது என்று யாருக்கும் தெரியவில்லை. - சென்னை வாசகர்

ஒன்றரையை ஒன்பதால் பெருக்குங்கள். பதின்மூன்றரை மணி நேரம். ஏறக்குறைய இரண்டு பேருடைய ஒரு நாள் வேலை தினமும் அந்த ஏசி அறைக்குள் போய்த் திரும்பி வருவதில்லை. இந்தக் கணக்கை உங்கள் மேலாளர் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள், நீங்கள் எழுதியது என்று தெரியாமல்.

அமேசானில் 2004-ல் மேல்மட்ட மீட்டிங்குகளில் பவர்பாயிண்ட் கூடாது என்று ஜெஃப் பெசோஸ் நிறுத்திவிட்டார். பேச வேண்டிய விஷயத்தை முழு வாக்கியங்களாக எழுதிக்கொண்டு வர வேண்டும், ஆறு பக்கத்துக்கு மேல் கூடாது, மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அதைப் படிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு. நம் ஊரில் ஆறு பக்கமெல்லாம் நடக்காது. ஆனால் கூட்டியவர் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். எழுத முடியாவிட்டால் அன்றைக்கு மீட்டிங் வேண்டாம். முடிவில் ஒருவர் எழுந்து யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று வாய்விட்டுப் படிக்கட்டும். படிக்கும்போதுதான் "நானா? நான் சொல்லலையே" என்று ஒருவர் சொல்வார். மீட்டிங்கின் உபயோகமான ஒரே நிமிடம் அதுவாகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரில் "கொட்டேஷன் ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் லேட்டஸ்ட் ஓகே" என்று ஏழு ஃபைல் இருக்கிறது. எதை அனுப்பினோம் என்று தெரியவில்லை. பழைய பேப்பர்களும் பீரோ நிறைய. எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்? - திருச்சி

ஃபைனல் என்கிற சொல்லுக்கே ஆபீஸில் தடை போடுங்கள். தேதியை முன்னால் வைத்துப் பெயர் கொடுங்கள், வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்: 2025-03-14, பிறகு வாடிக்கையாளர் பெயர், பிறகு கொட்டேஷன். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்தின் ஒன்றாம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும், வருடத்தை முன்னால் போட்டால் தானாக வரிசையாகிவிடும். வாடிக்கையாளருக்கு அனுப்பியதை மட்டும் பி.டி.எஃப். ஆக்கித் தனி ஃபோல்டரில் போடுங்கள். அந்த ஃபோல்டரில் இருப்பது போனது, இல்லாதது போகாதது.

பீரோ விஷயம். அரசுக் கடிதங்களின் தலைப்பில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள், யாரும் என்னவென்று கேட்பதில்லை. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு என்று அந்தக் கோப்பை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது அது. நிரந்தரமாக வைக்க வேண்டியதற்குத் தனிக் குறி. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கோப்பு முடியும் அன்றே அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளே அதன் ஆயுளை எழுதிவிடுவார். பத்து வருடம் கழித்து விஷயம் தெரியாத ஒருவர் தூசிக்குள் நின்றுகொண்டு இதை எறியலாமா என்று யோசிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு, ஜி.எஸ்.டி. கணக்குகள் அந்த வருடத்து ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகங்களும் வவுச்சர்களும் 8 வருடம். வழக்கு, அப்பீல் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் தொடாதீர்கள், ஆடிட்டரைக் கேளுங்கள். 2009-ல் வாங்கிய ஸ்டேப்ளர் பின்னின் பில்லைத் தாராளமாக எறியலாம்.

அக்கவுண்ட்ஸ் முழுவதும் நான் ஒருத்திதான். நான் லீவு போட்டால் ஆபீஸே நின்றுவிடுகிறது என்று எம்.டி. எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போன மாதம் அம்மாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். - சேலம்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்த வராந்தா எனக்கும் தெரியும்.

உங்கள் எம்.டி. பெருமைப்படுவது ஆபீஸின் ஓட்டையைக் காட்டி. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது: முக்கியமான, பணம் தொடர்பான இடங்களில் இருக்கும் ஊழியர்களை வருடத்தில் குறைந்தது 10 வேலை நாள், ஒரே மூச்சில், முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும். நாற்காலி காலியாக இருக்கும் அந்தப் பத்து நாளில் வேறொருவர் உட்கார்ந்து பார்த்தால் மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் வெளியே வந்துவிடும் என்பதற்காக. நீங்கள் மறைக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் இல்லாமல் பத்து நாள் ஓடாத இடத்தை ஆபத்தான இடம் என்று ரிசர்வ் வங்கி நினைக்கிறது, உங்கள் எம்.டி.யோ கொண்டாடுகிறார், அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து (வேறு வழியில்லை, இந்த ஒரு ஞாயிறை மட்டும் ஆபீஸுக்குக் கொடுங்கள்) உங்கள் தலைக்குள் இருப்பதைத் தாளில் இறக்குங்கள். மாதா மாதம் 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்து வைத்த வருமான வரி), சம்பளமும் அதற்குள். 11 ஜி.எஸ்.டி.ஆர்-1, அதாவது விற்பனை விவரம். 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி, அதாவது வரி கட்டும் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் இரண்டு பெயர், ஒன்று உங்களுடையது, இன்னொன்று வேறு யாராவது, டெஸ்பாட்ச் பையனாக இருந்தாலும் சரி. அந்த இரண்டாவது ஆள் வருடத்தில் ஒரு மாதமாவது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தன் கையால் செய்து பார்க்க வேண்டும். பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்பதெல்லாம் ஆகாது.

ஓ.டி.பி. எந்த போனுக்கு வருகிறது என்பதையும் எழுதுங்கள். சிரிக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் ஒருமுறை 20-ஆம் தேதி சாயங்காலம் 3பி முழுக்கத் தயார், சலான் கட்டியாகிவிட்டது, கடைசியில் ஓ.டி.பி. போய்ச் சேர்ந்தது முதலாளியின் நம்பருக்கு. முதலாளி சபரிமலையில் மலையேறிக்கொண்டிருந்தார். நாங்கள் ஆறு பேர் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றுகொண்டு ஐயப்பனை வேண்டினோம். பதினொன்றே முக்காலுக்கு அவர் போனை எடுத்தார்.

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? எழுதுங்கள்.

டீ செலவைக் குறைக்கச் சொல்கிறார் எம்.டி. - ஓசூர்

குறைக்காதீர்கள். டெஸ்பாட்ச்காரரும் அக்கவுண்ட்ஸ்காரரும் நாளில் ஒருமுறை நேருக்கு நேர் நிற்பது அந்த கேன் பக்கத்தில்தான். இரண்டு மெயிலில் முடியாதது அரை கிளாஸில் முடிகிறது. பேப்பர் கப்புக்குப் பதிலாக ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் கொடுங்கள், எம்.டி.க்குக் காட்ட ஒரு சேமிப்பும் ஆயிற்று.

12 பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ், ஐந்து பேர் பெண்கள். எல்லோரும் குடும்பம் மாதிரிப் பழகுகிறோம். ஆடிட்டர் ஏதோ கமிட்டி அமைக்க வேண்டும் என்கிறார். தேவையா? - உரிமையாளர், வேலூர்

தேவை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013-ல் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை வகிப்பவர் அங்கே வேலை பார்க்கும் மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து இந்த விஷயம் தெரிந்த ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்கலாம், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பெயர்களைச் சுவரில் ஒட்டுங்கள், உங்கள் அறைக்குள் இல்லை, பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்.

அந்தக் "குடும்பம் மாதிரி" பற்றி ஒன்று. அதைச் சொல்பவர் எப்போதும் சம்பளம் கொடுப்பவராகத்தான் இருக்கிறார், வாங்குபவர் சொல்லி நான் கேட்டதில்லை. குடும்பத்தில் சித்தப்பா தப்பாக நடந்தால் பெண்ணிடம்தான் "வெளியே சொல்லாதே" என்பார்கள். ஆபீஸ் அப்படி இருக்கக் கூடாது என்பதற்குத்தான் கமிட்டி. கடைகளில் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ள ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அந்தக் கடைகளிலும் குடும்பம் மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

எங்கள் பிரிவில் வேலை குவிந்துகிடக்கிறது. இன்னும் இரண்டு பேர் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்கிறோம், மேலே கேட்க மாட்டேன் என்கிறார்கள். - இளநிலை உதவியாளர், தஞ்சாவூர்

தீர்ந்துவிடும் என்றும் சொல்லலாம், தீராது என்றும் சொல்லலாம்.

பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர், சிங்கப்பூரில் அப்போதிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தபோது, 1955-ல் ஒரு கட்டுரை எழுதினார். கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை உப்பிக்கொள்ளும் என்பது அதன் முதல் வரி. கேலியாகத்தான் எழுதினார், ஆனால் கணக்கு நிஜம். பிரிட்டிஷ் கடற்படையில் 1914-ல் பெரிய போர்க்கப்பல்கள் 62, 1928-ல் 20. கடற்படைத் தலைமை அலுவலகத்தில் 1914-ல் இருந்த அதிகாரிகள் 2,000 பேர், 1928-ல் 3,569. கப்பல் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது, கப்பலைப் பற்றிக் கடிதம் எழுதுபவர்கள் முக்கால் மடங்கு கூடிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதற்காக உங்கள் பிரிவில் ஆள் வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. இரண்டு சீட்டை ஒரே ஆள் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் திறந்த காலம் எனக்கு உண்டு. பார்க்கின்சனை எடுத்துக்காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்க்காதவர்கள். ஆனால் ஆள் கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போன மாதம் உங்கள் பிரிவில் முடியாமல் நின்ற இருபது கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே எத்தனை நாள் நின்றது என்று தன்பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். உங்கள் மேசையில்தான் நின்றது என்றால் ஆள் பற்றாக்குறை, அந்தத் தாளையே இணைத்து அனுப்புங்கள், வெறும் புலம்பலைவிட எடுபடும். மேலே ஒரு கையெழுத்துக்காகவோ பக்கத்து அலுவலக அறிக்கைக்காகவோ நின்றிருந்தால், இன்னும் இரண்டு பேர் வந்து அவர்களும் உங்களோடு சேர்ந்து காத்திருப்பார்கள்.

எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்கள். உங்கள் சர்வீஸில் நீங்கள் செய்த தப்பு எதையாவது சொல்லுங்களேன். - திண்டுக்கல் வாசகி

சரி, கேட்டுவிட்டீர்கள்.

நான் கண்காணிப்பாளராகி இரண்டாவது வருடம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஓர் ஊழியரின் மகன் கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனு கொடுத்திருந்தான். வாரிசுச் சான்றில் ஒரு பெயர் எழுத்து மாறியிருந்தது, அது சரியா என்று கேட்டு தாலுகா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். உதவியாளர் வரைவு எழுதி என்னிடம் வைத்தார். ஒரு வரி மாற்ற வேண்டும் என்று தோன்றியது. தீபாவளி நேரம், பண்டிகை முன்பணப் பட்டியல்கள் மேசை முழுக்க. அப்புறம் மாற்றலாம் என்று டிராயரில் வைத்தேன்.

அந்தப் பையனின் அம்மா திங்கட்கிழமை தோறும் வருவார். குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு கொடுக்க வருபவர்களின் பஸ்ஸில் வந்து, எங்கள் வராந்தா பெஞ்சில் உட்காருவார், மடியில் ஒரு மஞ்சள் பை. நான் அவரைத் தாண்டித்தான் உள்ளே போவேன். யார் என்று கேட்டதில்லை, வேறு பிரிவுக்கு வந்தவர் என்று நினைத்தேன். உள்ளே வந்து கேட்டால் என் உதவியாளர் சொல்லியிருக்கிறார், "மேடம் பார்த்துட்டிருக்காங்கம்மா". அவரும் பொய் சொல்லவில்லை, அவருடைய தன்பதிவேட்டில் "கண்காணிப்பாளருக்கு வைக்கப்பட்டது" என்று தேதியோடு சரியாகவே எழுதியிருந்தது. நான்தான் அந்தத் திங்கட்கிழமைகளில் நோட்டைப் புரட்டும்போது, என் பெயர் இருக்கும் வரியில் விரலை நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி கடைசியில் வருமான வரிப் படிவம் ஒன்றைத் தேடி டிராயரை முழுக்க வெளியே இழுத்தபோது, பின்பக்கம் மடிந்து சிக்கியிருந்தது வரைவு. நாலு மாதத்துக்கு மேல். மாற்ற நினைத்த வரி எது என்று எனக்கு நினைவே வரவில்லை, படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டு, தபாலில் விடாமல் அலுவலக உதவியாளரிடம் கொடுத்து அன்றைக்கே தாலுகாவில் சேர்க்கச் சொன்னேன். பதிவேட்டில் என் கையால் அந்தத் தேதியை எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் எழுத இடம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மா பெஞ்சில் வந்து உட்காரும்வரை அதைக் காலியாகவே வைத்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "உங்க டிராயர்லயாம்மா இருந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "பரவால்ல, இனிமே எங்க இருக்குன்னு தெரியுமில்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.